நந்தியாவட்டைக் கண்

நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது மேடம். நீங்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் ஒரு வார்த்தை கோணலாகச் சொன்னால் அதைக் கோணலாகவே எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள். எழுதினது எழுதினதுதான், அப்புறம் யார் மாற்றுவது? நான் ஐந்தாவதோடு நின்றவள். என் பேரை அம்சவேணி என்று கையெழுத்துப் போடவே எனக்கு ஒரு நிமிஷம் ஆகும்.

"சங்கவி, தகப்பனார் பேர் ஏகாம்பரம், வயசு பதினெட்டு. இந்த வீட்டில்தான் இருக்கிறாரா?" என்று கேட்டீர்கள். இருக்கிறாள் என்றால் ஓட்டர் லிஸ்டில் பேர் சேரும், இல்லை என்றால் சேராது, அவ்வளவுதான் என்கிறீர்கள். அவ்வளவுதானா? ஆறு வருஷமாக அவள் இங்கே இல்லை. ஆனால் இந்த விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறாள். வந்தவாசியில் மாமன் வீடு இருக்கிறது, அங்கே அவளுக்குக் கட்டில் இருக்கிறது, அலமாரி இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் இதைக் கொடுத்தாள்? அதைத்தான் நீங்கள் வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்று சொல்லலாம். அவர் ஆரணியில் ரைஸ்மில்லில் இருக்கிறார், வர ஆறு மணி ஆகும். வந்தாலும், "அவளையே கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டுக் கைகால் கழுவப் போய்விடுவார்.

தண்ணீர் குடியுங்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த முற்றத்தில் சத்தமாகப் பேசினால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

நான் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். எனக்கு அப்போது முப்பத்திமூன்று. மூத்தவள் பேர் குணவதி. மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். சங்கவிக்கு அப்போது எட்டு வயசு. நான் வரும்போது ஒன்பது. என்னைச் சின்னம்மா என்று கூப்பிடு என்று அவர் சொன்னார், அவளும் அப்படியே கூப்பிட்டாள். நான் அவளை அடித்ததில்லை. ஒரு நாள்கூட இல்லை. அதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். சத்தம் போடுவேன். என் குரல் அப்படி. முகமும் கொஞ்சம் கடுகடு. என் கூடப் பிறந்தவர்களே சொல்வார்கள்.

நீங்கள் கால் வைத்திருக்கிறீர்களே, அந்த இடத்துக்குப் பக்கத்தில், துணி துவைக்கிற கல் ஓரமாக, ஒரு நந்தியாவட்டைச் செடி இருந்தது. செடி என்ன, ஆள் உயரம். குணவதி வைத்தது. அவளுக்கு அடிக்கடி கண் எரிச்சலாம், அந்தப் பூவை இமைமேல் வைத்துக்கொண்டு படுப்பாளாம். நான் வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு ராஜகுமாரி சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள்:

"வேணி, அந்தச் செடிய நல்லா பாத்துக்கடி. மூத்தா வச்சது. அவ கண்ணு அதுலதான் இருக்கும்."

விளையாட்டுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள், நான் அதோடு மூன்று வருஷம் குடித்தனம் பண்ணினேன்.

எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரிக்குப் படைப்பது உண்டு. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மஞ்சள் குங்குமத்தோடு போனவளுக்கு ஆடி வெள்ளியில் கலசம் வைத்து, பூ வைத்து, புதுப்புடவை வைத்துக் கும்பிடுவோம். படைத்த பிறகு அந்தப் புடவையை வீட்டில் இருக்கிறவள் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அவளுக்குக் காட்டுவதற்கு முன்னால் யார் உடம்பிலும் பட்டிருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இன்னொன்றும் உண்டு, அவள் வைத்த நந்தியாவட்டையிலிருந்துதான் பூ பறித்து வைக்கவேண்டும்.

இப்போது சொல்வதை எழுதவேண்டாம். பேனாவைக் கீழே வையுங்கள். வைத்தாயிற்றா?

நான் வந்த மூன்றாம் வருஷம் படையலுக்குப் பத்து நாள் முன்னாலேயே அவர் புடவை எடுத்துவந்துவிட்டார். அரக்குக் கலர், பச்சைக் கரை. ஆரணிப் பட்டு இல்லை, அதைப் போலத் தெரிகிற ஒன்று. நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் போளூரில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. எனக்குக் கட்டிக்கொண்டு போக ஒன்றும் இல்லை மேடம். இருக்கிற இரண்டையும் எல்லாரும் பார்த்தாயிற்று. என் சின்ன அக்கா வாசலிலேயே நின்று, "ரெண்டாந்தாரமா போனவளுக்கு மூத்தாளோட பழசுதானா?" என்று கேட்கிற ரகம். நான் அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மூன்று மணி நேரம். மூன்றே மணி நேரம். பஸ்ஸில்கூட உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன், கசங்கிவிடும் என்று.

வந்து பார்த்தால் முந்தானையில் நெய். கேசரி வைத்தபோது பட்டிருக்கிறது. இரண்டு விரல் அகலம். துவைத்தால் மொடமொடப்புப் போய்விடும், அவர் கண்டுபிடித்துவிடுவார். ஈரத்துணியால் துடைத்தேன், இன்னும் பரவியது. பழைய மடிப்பிலேயே மடித்து, கவரில் போட்டு, அலமாரியில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் எடுத்துப் பார்க்கிறேன், கறை இல்லை.

இல்லை என்றால் இல்லவே இல்லை. அந்த இடத்தை மோந்து பார்த்தேன். லேசாக ஒரு வாசனை, பூ வாசனை மாதிரி. வீட்டில் யாரும் இல்லை. அவர் மில்லுக்குப் போய்விட்டார், சங்கவி ஸ்கூலுக்குப் போய்விட்டாள். 'நீ கட்டினது எனக்குத் தெரியும்' என்று யாரோ துடைத்துக் காட்டினது மாதிரி இருந்தது. வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஆடி வெள்ளி காலையில் பூப்பறிக்கப் போனேன். குளித்து, ஈரத்தலையோடு. கிளையை வளைத்தேன். இலைக்கு அடியில் என்னவோ கனமாக ஆடியது. என் நடுவிரல் பருமன், அதைவிட நீளம். இலைப்பச்சை. பின்னால் சின்னதாக ஒரு கொம்பு. புழு என்று தெரிவதற்கு முன்னால் அது தலையை உள்ளே இழுத்தது, கழுத்தை உப்பியது, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

இரண்டு கண். நீலம். சுற்றிலும் கறுப்பு, மை தீட்டினது மாதிரி. நடுவில் வெள்ளையாகப் பளிச்சென்று. நான் சொல்வதைக் கேளுங்கள், புழுவுக்கு அப்படிக் கண் இருக்காது. மனுஷிக்கு இருக்கும்.

நான் கத்தின கத்தலில் ராஜகுமாரி ஓடி வந்தாள். சங்கவி பல்விளக்குகிற பிரஷ்ஷோடு ஓடி வந்தாள்.

"சின்னம்மா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அது ஒண்ணும் பண்ணாது."

"பாக்குதுடி! என்னையே பாக்குது!"

"அது கண்ணே இல்ல சின்னம்மா. வெறும் புள்ளி. நெஜக் கண்ணு சின்னதா கீழ இருக்கு, தலைய மடக்கி ஒளிச்சு வச்சிருக்கு. உங்களப் பாத்து பயந்துபோச்சு. பயந்தாதான் இத தொறக்கும். பயம் போயிட்டா அதுவே மூடிக்கும், பாருங்க."

சொல்லிக்கொண்டே விரலை நீட்டினாள் மேடம். அது ஊர்ந்து அவள் விரலில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் கழுத்து இளைத்து, அந்தக் கண் தோலுக்குள் போய்விட்டது. மூடிக்கொண்டது. அவளிடம் மூடிக்கொண்டது. என்னைப் பார்த்துத் திறந்தது, அவளைப் பார்த்து மூடிக்கொண்டது. நான் என்ன நினைப்பது?

ராஜகுமாரி சுவருக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டே, "இன்னா வேணி, புழுவுக்கா இந்தக் கத்து கத்தின? நான் மூத்தாளே வந்துட்டாளோன்னு நெனச்சேன்" என்று சிரித்தாள்.

படையல் நடந்தது. அந்தப் புடவையைக் கலசத்துக்கு முன்னால் வைத்தேன். அவர் விழுந்து கும்பிட்டார். சங்கவி கும்பிட்டாள். நான் கும்பிட்டபோது கலசத்தில் வைத்திருந்த பூவைத்தான் பார்த்தேன், இலைக்குள் இன்னொன்று இருந்தால் என்ன செய்வது என்று. "எடுத்துக் கட்டிக்க" என்றார் அவர். கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட அன்று முழுக்க முதுகில் பார்வை விழுந்துகொண்டே இருந்தது.

அதற்கப்புறம் செடிப்பக்கம் போகவே முடியவில்லை. அதன் கீழே மிளகு மாதிரி எச்சம். இலை காலையில் இருக்கும், சாயங்காலம் காம்பு மட்டும் நிற்கும். ஒன்று இல்லை, ஏழெட்டு. நான் துணி துவைக்க உட்கார்ந்தால் முதுகைச் செடிக்குக் காட்டவேண்டும். திரும்பி உட்கார்ந்தால் நேருக்கு நேர் பார்க்கவேண்டும். எப்படி உட்காருவது? கிணற்றடியில் துவைக்க ஆரம்பித்தேன்.

சங்கவி ஒன்றை எடுத்து ஸ்வீட் டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். மூடியில் ஊசியால் ஓட்டை. அது பச்சை மாறிப் பழுப்பாகி, மண்ணுக்குள் போகத் துடித்தது என்று டப்பாவில் மண் போட்டாள். "வெளிய எறிடி" என்று சத்தம் போட்டேன். அதற்கு அவள் சொன்னதைக் கேளுங்கள்:

"அதுவும் உங்கள மாதிரிதான் சின்னம்மா. பாத்தாதான் பயமா இருக்கும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள், என் தோளில் சாய்ந்துகொண்டு. என்னைப் புழு என்றாள் மேடம்! மூன்று வருஷம் சோறு போட்டவளைப் புழு என்றாள். அவரிடம் சொன்னேன். அவர், "சின்னப் பொண்ணு, விடு" என்றார். நான் விடவில்லை. இன்றைக்கு வரைக்கும் விடவில்லை. அது ஒன்றுதான் என் மனசில் முள்ளாக நிற்கிறது.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். விளக்கு வைக்கிற நேரம். வெள்ளிக்கிழமை என்று அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தேன். சாமி விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்கிறேன், உள் அறையிலிருந்து சங்கவி, "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று குதிக்கிறாள். டப்பாவைத் திறந்திருக்கிறாள். என்னவோ ஒன்று விர்ரென்று வந்தது. சின்னக் குருவி அளவு. விளக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் முந்தானையில் உட்கார்ந்தது.

எங்கே தெரியுமா? அந்த நெய்க்கறை இருந்த இடத்தில். பச்சைக் கரையில்.

"அசையாதீங்க சின்னம்மா" என்றாள் சங்கவி. குரலே மாறிவிட்டது, கோயிலில் பேசுகிற மாதிரி. "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. உங்களுக்குப் பயப்படவே இல்ல, பாருங்க."

பார்த்தேன். பச்சை, வெள்ளை, நடுவில் ரோஸ் நிறம் ஓடி, யாரோ உட்கார்ந்து கோலம் போட்டது மாதிரி. றெக்கை லேசாக நடுங்கியது. அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஏன் உட்காரவேண்டும்? அத்தனை பெரிய வீட்டில் அந்த இரண்டு விரல் இடத்தில்? கையால் அடித்தேன். ஓங்கி அடித்தேன். என் தொடையில் அடி விழுந்தது இன்னும் நினைவிருக்கிறது.

உள்ளங்கை பூராவும் பச்சைப் பொடி.

அவள் அழவில்லை. குனிந்து எடுத்தாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதில் மடித்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்ப பயம் போயிடுச்சா சின்னம்மா?"

என்ன கேள்வி இது? பன்னிரண்டு வயசுப் பெண் கேட்கிற கேள்வியா? குணவதிதான் கேட்டாள் என்று எனக்குத் தோன்றியது. போயிடுச்சு என்று சொல்லியிருக்கவேண்டும். நான், "தூங்கப் போ" என்றேன். மணி ஆறரைதான்.

திங்கட்கிழமை அவள் ஸ்கூலுக்குப் போனதும் ஆள் கூப்பிட்டேன். செடியை அடியோடு வெட்டினான். பால் மாதிரி வடிந்தது. பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேஸ்திரி வந்து, கல்லைக் கொட்டி, முற்றம் பூராவும் சிமெண்ட் போட்டுவிட்டார். வீட்டுக்காரரிடம் மழைத்தண்ணி நிற்கிறது என்று சொல்லிவைத்திருந்தேன். பொய்தான்.

நாலரைக்கு அவள் பையோடு வந்தாள். வாசல் கதவைத் திறந்து ஓடி வந்தவள், ஒரு காலை ஈரச் சிமெண்ட்டில் வைத்துவிட்டாள். அப்படியே நின்றாள். மேஸ்திரி, "அய்ய பாப்பா!" என்று கத்தினார். அவள் செடி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கீழ நாலு இருக்கு."

"எது?"

"மண்ணுக்குள்ள போனது. நாலு. வெளிய வரணும்ல?"

அவ்வளவுதான் பேசினாள். அரையாண்டு லீவுக்கு மாமன் வீட்டுக்குப் போனாள். லீவு முடிந்தது, வரவில்லை. அவள் மாமன் தணிகாசலம் வந்தான், புஸ்தகம், டி.சி. எல்லாம் வாங்க. நல்ல மனுஷன்தான். இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தான்.

"தங்கச்சி, அவமேல கோவம் வச்சுக்காத. அவ உன்னப் பத்தி ஒரு கொறை சொல்லல. புடவையில நெய் கொட்டிக்கினு சின்னம்மா அழுதாங்க, அப்பா திட்டப்போறாரேன்னு நான்தான் பவுடர் போட்டுத் தேச்சு எடுத்தேன், அதுவரைக்கும்தான் சொன்னா. ஆனா வீட்டுக்குப் போன்னா மட்டும் மாட்டேங்குறா."

கேட்டீர்களா மேடம்? அவள்தான். பவுடர். அந்த வாசனை பவுடர் வாசனை! எல்லாம் தெரிந்திருக்கிறது அவளுக்கு. நான் கட்டினது தெரியும், கறை தெரியும். கலசத்துக்கு முன்னால் என் பக்கத்தில் நின்று கும்பிட்டாளே, அப்போதும் தெரியும். ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு அழுத்தம் ஒரு பிள்ளைக்கு இருக்குமா? எதற்காக மூடி வைத்தாள்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, கறையை அவள் எடுத்தாள் என்றே வைத்துக்கொள்வோம். பட்டாம்பூச்சி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததே? அதற்கு என்ன பவுடர்?

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி கிடையாது. முற்றத்தில் உட்கார்ந்தால் கீழேயிருந்து முட்டுகிற மாதிரி இருக்கும். நாலு பேர். வழி தேடிக்கொண்டு. காதை வைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "என்ன தேடுற?" என்றார். தோடு விழுந்துவிட்டது என்றேன். அந்தக் கால் தடம் அங்கே அப்படியே இருக்கிறது, அந்தக் குடத்துக்குக் கீழே. பூசிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். குடம் வைக்கப் பள்ளம் வசதியாக இருக்கிறது. தினமும் குடத்தை எடுத்துத் துடைத்துவிட்டு வைப்பேன், பாசி பிடித்துவிடும் இல்லையா.

அப்புறம்தான் வாசலில் அந்தத் திருஷ்டிப் பொம்மையை மாட்டினேன். ஆரணி சந்தையில் இருக்கிறதிலேயே பெரியது. கோரைப்பல், தொங்குகிற நாக்கு, உருட்டி விழிக்கிற கண் இரண்டு, என் உள்ளங்கை அகலம். கடைக்காரனே, "யம்மா, இதைப் பாத்தா உன் சொந்தக்காரங்களும் வரமாட்டாங்க" என்றான். அதுதான் வேண்டும் என்று வாங்கினேன். யாராவது கேட்டைத் தள்ளினால் நான் உள்ளே ஜன்னலுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். பொம்மை பார்த்துக்கொள்ளும். முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். நீங்களும் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றீர்கள், பார்த்தேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். சங்கவி. தாவணி இல்லை, சுடிதார். அவள் அம்மாவும் இப்படித்தான் உயரமாம். கையில் ஒரு காகிதப் பை. கேட் வரைக்கும் வந்து நின்றாள். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் மெதுவாக எட்டிப் பார்த்தேன். அவள் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கண்ணை. ரொம்ப நேரம். பயப்படவில்லை. சிரிக்கிற மாதிரிகூட இருந்தது, அழுகிற மாதிரியும் இருந்தது, இவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு என்ன தெரியும். கூப்பிட்டிருக்கலாம். வாயில் பேர் வரைக்கும் வந்தது. என்னவோ கழுத்து வரைக்கும் உப்பி நின்றுவிட்டது. அவள் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். பார்த்தால் புடவை. அரக்குக் கலர், பச்சைக் கரை. பில்லோடு, மடிப்புக் கலையாமல். யாருக்கு என்று ஒரு சீட்டுகூட இல்லை. எனக்கா, அவள் அம்மாவுக்குப் படைக்கவா? தெரியாமல் எப்படித் தொடுவது? கவரோடு அலமாரியில் இருக்கிறது.

இப்போது நீங்கள் வந்து கேட்கிறீர்கள், இருக்கிறாளா என்று.

இல்லை என்று சொன்னால் கீழே கேட்கும் மேடம். இந்த வீட்டுப் பெண்ணை இந்த வீட்டில் இல்லை என்று என் வாயால் சொன்னால் குணவதி சும்மா விடுவாளா? எனக்கு எதற்கு வம்பு? இருக்கிறாள் என்று எழுதுங்கள். லீவுக்கு மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், வருவாள் என்று எழுதுங்கள். ஆறு வருஷ லீவா என்று யாராவது கேட்டால் சின்னம்மா அப்படித்தான் சொன்னாள் என்று சொல்லுங்கள். எங்கே கையெழுத்து? இங்கேயா? இருங்கள், அவசரப்படுத்தாதீர்கள், அம்ச... வேணி. ஆயிற்று. ஓட்டுப் போட எதிர் ஸ்கூலுக்குத்தானே வரணும்? இந்த வாசலைத் தாண்டித்தானே போகணும்? சும்மா கேட்டேன்.

வரும்போது கேட்டீர்களே, பொம்மைக்கு ஏன் கண்ணில் சுண்ணாம்பு பூசியிருக்கிறது என்று. அதை அவள் வந்துபோன மறுநாள் காலையில், ஸ்டூல் போட்டு ஏறி, நானேதான் பூசினேன். வெளியே இது முறைக்க, உள்ளே குணவதி முறைக்க, இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது நான்தானே. ஒரு பாதுகாப்புக்குத்தான். கண்ணை மட்டும் மூடிவிட்டேன்.